எல்பி லேபிளில் இருக்கும் டிக்சன், பர்னெட் யார்?

அரீனாபார்க் பொண்ணு:
வணக்கம். மாமா வீடு மாறும்போது அவருடைய எல்பி (பெரிய இசைத்தட்டு) பெட்டி என்னிடம் வந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ், மான்ஃபிரட் மான், கிரீம் என்று எல்லாமே அறுபதுகளின் இங்கிலாந்து குழுக்கள். ஆனால் பல பாட்டுகளுக்குக் கீழே அச்சாகியிருக்கும் பெயர் அந்தக் குழுவில் யாருடையதும் இல்லை. டிக்சன், பர்னெட், ஸ்கிப் ஜேம்ஸ் என்று இருக்கிறது. தேடிப் பார்த்தால் மூவரும் மிசிசிப்பியில் பிறந்த கறுப்பர்கள். அவர்கள் பாட்டு லண்டன் பையன்களுக்கு எப்படிக் கிடைத்தது? அதையே ஏன் பிடித்துக்கொண்டார்கள்? அந்தக் காலத்தில் கிட்டார் வாசித்த பெரியவர்கள் சொன்னால் நன்றாயிருக்கும்.

கிளேர்வுட் லீட்:
மகளே, லேபிளைப் படிக்கிறாயே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். அறுபதுகளின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் கல்யாண வீடுகளிலும் டான்ஸ்களிலும் லீட் கிட்டார் வாசித்தவன் நான்.

பர்னெட் என்பது செஸ்டர் பர்னெட். மேடையில் ஹவுலின் உல்ஃப். வில்லி டிக்சன் சிகாகோவின் செஸ் ரெக்கார்டு கம்பெனியில் பேஸ் வாசித்தவர். உல்ஃபுக்கும், அதே ஊரில் பாடிய மடி வாட்டர்ஸுக்கும் பாட்டு எழுதிக் கொடுத்தவர். இவர்கள் பாடியது புளூஸ், அமெரிக்கத் தெற்கின் கறுப்பர்களுடைய பாட்டு. பருத்திக் காட்டை விட்டு வடக்கே போனவர்கள், நெரிசலான பார்களில் தங்கள் வாசிப்பு கேட்கவேண்டும் என்று கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் மாட்டினார்கள். அந்தச் சத்தம்தான் சிகாகோ புளூஸ்.

இங்கிலாந்தில் அமெரிக்க பேண்டுகள் வாசிக்க, 1930களிலிருந்து 1950களின் நடுப்பகுதிவரை இசைக்கலைஞர் யூனியன்களின் தகராறு தடையாக இருந்தது. தனியாகப் பாடுகிறவர் வரலாம். அப்படித்தான் 1951இல் புளூஸ் பாடகர் பிக் பில் புரூன்சி வந்தார். 1958இல் இங்கிலாந்து ஜாஸ் பேண்ட் தலைவர் கிரிஸ் பார்பர் மடி வாட்டர்ஸை அழைத்தபோது, சாதாரண மரக் கிட்டாரோடு வரும் கிராமத்துப் பாட்டுக்காரரை எதிர்பார்த்துப் போனவர்கள் எலக்ட்ரிக் சத்தத்தில் ஆடிப்போனார்கள். அதற்குள் பார்பர் பேண்டில் பேஞ்சோ வாசித்த லானி டோனகன் ஸ்கிஃபிள் என்ற எளிய கிட்டார் பாட்டால் ஊரையே கிட்டார் வாங்க வைத்திருந்தார். கிட்டாரில் மூன்று கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) தெரிந்தால் ஒரு பேண்ட்!

பின்னால் ரோலிங் ஸ்டோன்ஸ் ஆனவர்களை எடுத்துக்கொள். 1961 அக்டோபரில் லண்டனுக்கு அருகே டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் கீத் ரிச்சர்ட்ஸ் பார்த்தது மிக் ஜாகர் கையிலிருந்த சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் ரெக்கார்டுகளை. ஜாகர் சிகாகோவுக்கே எழுதித் தபாலில் ரெக்கார்டு வரவழைக்கிற ஆள். அடுத்த மார்ச்சில் புளூஸ் வாசித்த அலெக்சிஸ் கோர்னரும் சிரில் டேவிஸும் லண்டனின் ஈலிங்கில் ஒரு கிளப்பைத் திறந்தார்கள். குழுவின் இன்னொரு கிட்டார்காரரான பிரையன் ஜோன்ஸை ஜாகரும் ரிச்சர்ட்ஸும் சந்தித்தது அங்கேதான். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயரே மடி வாட்டர்ஸின் 1950ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்தது.

ஏன் பிடித்தது என்றால், என் எண்ணம் இது. அமெரிக்காவில் கறுப்பர் பாட்டுக்குத் தனி ரேடியோ, தனிக் கடை. பக்கத்துத் தெரு வெள்ளைப் பையன் காதில் அது விழாது. லண்டன் பையனுக்கு அந்தச் சுவரைத் தாண்டி ரெக்கார்டு மட்டும் வந்து சேர்ந்தது. பாடியவர் எந்தத் தெரு என்று அவனைக் கேட்க யாரும் இல்லை. அந்தச் சுவர் எப்படிப்பட்டது என்று இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் வீடு இழந்த நம்மவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நம் ரேடியோ ஒலிபரப்பாத பாட்டுகளை மொசாம்பிக்கிலிருந்து எல்எம் ரேடியோ தந்தது. உல்ஃபின் பாட்டை நான் முதலில் கேட்டது இங்கிலாந்துக்காரன் குரலில்தான்.

லெனேசியா வயலின்:
அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் காதுக்கு இது ஒட்டியதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. புளூஸ் பாடுகிறவர் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ஓர் இடத்தைத் தொடுவார். கிட்டாரில் அது தந்தியை விரலால் தள்ளினால்தான் வரும். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கிறவனுக்கு இது புதிதில்லை. கிரீம் குழுவின் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன், 1966இல் ஜான் மேயலின் புளூஸ் குழுவோடு செய்த எல்பியைக் கேளுங்கள். கிப்சன் லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்பில் முழுச் சத்தத்தில் வைத்ததால் தள்ளிய சுரம் சாகாமல் நிற்கிறது. அமெரிக்கப் புளூஸ் கிட்டார்காரர் ஃப்ரெடி கிங்கைக் கேட்டுக் கேட்டுப் பிடித்தது அது.

கிளேர்வுட் லீட்:
உண்மை, தம்பி. நாங்கள் 33 வேக எல்பியை 16இல் ஓட்டி, ஒரு ஸ்தாயி கீழே மெதுவாகக் கேட்டு அந்தத் தள்ளலைப் பிடிப்போம்.

மெரீபேங்க்:
எல்லாம் சரி, ஆனால் அவர்கள் சம்பாதித்தது யார் பாட்டில்? லெட் செப்பெலின் என்ற இங்கிலாந்துக் குழு டிக்சன் பாட்டிலிருந்து எடுத்து 1969இல் வெளியிட்ட பெரிய ஹிட்டில் அவர் பெயரே இல்லை. அவர் 1985இல் வழக்குப் போட்டு, 1987இல்தான் சமரசமானது.

கிளேர்வுட் லீட்:
அதில் எனக்கும் கோபம் உண்டு. பெயரை விட்டது தவறு, எவ்வளவு நன்றாக வாசித்திருந்தாலும். அதனால்தான் லேபிள் முக்கியம் என்கிறேன். கிரீம் குழு ஸ்கிப் ஜேம்ஸ் பெயரைப் போட்டது. நோயோடு இருந்த அந்த மனிதருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. ஸ்டோன்ஸும் 1965இல் அமெரிக்க டிவிக்குப் போனபோது உல்ஃபையும் மேடையேற்றச் சொல்லி, அவர் பாடும்போது காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். அமெரிக்க வெள்ளைப் பிள்ளைகள் பலர் அவரை அன்றுதான் பார்த்தார்கள்.

அரீனாபார்க் பொண்ணு:
நன்றி ஐயா. எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கட்டும்?

கிளேர்வுட் லீட்:
மான்ஃபிரட் மான் எல்பியை எடு. அவர் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர். அபார்தைட் பிடிக்காமல் 1961இல் லண்டனுக்குப் போனவர். 1964இல் வந்த முதல் எல்பி என்றால் அதில் 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்' இருக்கும். முதலில் உல்ஃப் 1956இல் பாடியதை இணையத்தில் கேள், பிறகு இதைப் போடு. ஹார்மோனிகாவைக் கவனி. பெட்டியில் நம் டர்பன் குழுவான ஃப்ளேம்ஸின் ரெக்கார்டு இருந்தால் சொல். அதில் பாடிய பிளாண்டி சாப்ளின் பின்னாளில் ஸ்டோன்ஸ் மேடையிலேயே நின்று பாடினார்.