டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது: ஹெட்டைச் சரிசெய்வதா, வேறு எஞ்சின் போடுவதா?

நார்த்டேல் ஆசிரியை

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். பைன்டவுனில் பள்ளி வேலை. தினமும் என்3 சாலைதான். கார் 2013 மாடல், 1.4 லிட்டர் பெட்ரோல், 16 வால்வு. போன செவ்வாய் மாலை கீ ரிட்ஜ் ஏற்றத்தில் ஒரு சின்னத் தடதடப்பு, உடனே எஞ்சின் நின்றுவிட்டது. ஸ்டியரிங் திருப்ப முடியாத அளவுக்குக் கனத்தது. இழுவை வண்டிக்காரர் வந்து சாவியைப் பலமுறை திருப்பிப் பார்த்தார். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாகச் சுழன்றதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை.

மேல் மூடியைக் கழற்றினால் டைமிங் பெல்ட் இரண்டு துண்டு. சென்ற ஆண்டு தொடக்கத்தில்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அதை மாற்றினேன். ரசீது இருக்கிறது. அவர்களிடம் கேட்டால், "உத்தரவாதம் மூன்று மாதம்தான், அது முடிந்துவிட்டது" என்கிறார்கள். காப்பீட்டு நிறுவனம் இயந்திரப் பழுது தங்கள் கணக்கில் வராது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இப்போது கார் நிற்கும் இடத்தில் இருக்கும் மெக்கானிக், வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டைத் திறப்பது வீண், ஜப்பானிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரும் பழைய எஞ்சினை 30,000 ரேண்டுக்குப் போட்டுத் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?

டோங்காட் பக்கி

அக்கா, யோசிக்காமல் எஞ்சினை மாற்றிவிடுங்கள். என் பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், இதே கதைதான் நடந்தது. ஹெட் வேலைக்கு என்று கொடுத்து, அது போய் வந்து, பிறகு ஒரு பிஸ்டனும் அடிபட்டிருக்கிறது என்று சொல்லி, கடைசியில் எஞ்சின் விலையைத் தாண்டிவிட்டது. வாரக்கணக்கில் டாக்சியில் அலைந்ததுதான் மிச்சம்.

சாட்ஸ்வொர்த் பழைய ஸ்பானர்

அம்மா, முதலில் அந்த மெக்கானிக்கிடம் சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். இழுவை வண்டிக்காரர் திருப்பிய ஒவ்வொரு தடவையும் பிஸ்டன் மேலே வந்து, திறந்து நின்ற வால்வுகளை இன்னும் கொஞ்சம் வளைத்திருக்கும். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுழன்றது ஏன் தெரியுமா? வால்வு மூடவில்லை என்றால் சிலிண்டரில் காற்று அமுங்காது. எதிர்ப்பே இல்லாமல் சுற்றும். காதால் கேட்டே சொல்லிவிடலாம்.

உங்களுடையது இன்டர்ஃபெரன்ஸ் வகை எஞ்சின். திறந்த வால்வு இறங்கும் இடமும் பிஸ்டன் ஏறும் இடமும் ஒன்றே. இரண்டும் மோதாமல் முறை வைத்து நடத்துவது பெல்ட் மட்டும்தான். அது அறுந்தால் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் நின்ற இடத்தில் நிற்கும். கியரில் கார் ஓடிக்கொண்டிருப்பதால் கீழே பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் சுற்றிக்கொண்டே இருக்கும். நான்கு சிலிண்டரில் எப்போதும் சில வால்வுகள் திறந்துதான் இருக்கும், தப்ப வழியில்லை. நீங்கள் கேட்ட தடதடப்பு அதுதான்.

ஆனால் வால்வு வளைந்ததால் எஞ்சினே போய்விட்டது என்று அர்த்தமில்லை. பல நேரங்களில் வால்வுகளும், அவை ஏறி இறங்கும் குழாய்களான கைடுகள் சிலவும் மட்டும் போகும், பிஸ்டன் தலையில் பிறை வடிவில் ஒரு தழும்பு விழும், அவ்வளவே. வால்வின் தலை ஒடிந்து சிலிண்டருக்குள் விழுந்திருந்தால் பேச்சு வேறு. அதைத் திறக்காமலே பார்க்க வழி இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டால் பிஸ்டன் தலை தெரியும். பிறகு முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையிலிருந்து கிராங்க்கைக் கால் சுற்றுப் பின்னுக்குத் திருப்பி, நான்கு பிஸ்டன்களையும் பாதி வழியில் நிறுத்தினால் கேமைக் கையால் பயமின்றிச் சுற்றலாம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வகை வால்வும் மூட வேண்டிய நிலையில் கேமை வைத்து, பிளக் துளையில் காற்றைச் செலுத்துங்கள். காற்று இன்டேக் வழியாகச் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சர் வழியாக வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, எண்ணெய் ஊற்றும் மூடியில் வந்தால் பிஸ்டன் அல்லது ரிங். இந்த வேலையைச் செய்யாமல் "ஹெட்டைத் திறப்பது வீண்" என்று ஒருவர் சொன்னால், அவர் கடையில் ஒரு எஞ்சின் விற்காமல் கிடக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். அப்படி வரும் எஞ்சின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, அதிலுள்ள பெல்ட்டுக்கு என்ன வயது, யாருக்குத் தெரியும்? டோங்காட் தம்பி கோபிக்க வேண்டாம்; உங்கள் பக்கியில் பிஸ்டனை முதல் நாளே பார்த்திருந்தால் அந்த அலைச்சல் வந்திருக்காது.

இதைவிட முக்கியமான கேள்வியை யாரும் கேட்கவில்லை. பெல்ட் ஏன் அறுந்தது? ஒன்றரை வருடத்தில் நல்ல பெல்ட் தானாக அறுவது அபூர்வம். அந்த இரண்டு துண்டுகளையும் எறிய விடாதீர்கள். ஒரே இடத்தில் பற்கள் வழித்துக்கொண்டு போயிருந்தால் பம்ப்போ கேமோ ஏதோ ஒன்று இறுகிவிட்டது. கத்தியால் வெட்டியதுபோல நேராக அறுந்திருந்தால் பூட்டும்போது மடித்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி இழை அப்போதே முறிந்திருக்கும். ஊறி மெத்தென்று இருந்தால் எண்ணெய்க் கசிவு. ஓரம் தேய்ந்து அகலம் குறைந்திருந்தால் பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷனரோ வாட்டர் பம்ப் பேரிங்கோ சாய்ந்திருக்கிறது. உங்கள் வகை எஞ்சினில் வாட்டர் பம்ப்பையும் இந்தப் பெல்ட்தான் சுற்றும் என்றால், பெல்ட்டோடு பம்ப்பையும் மாற்றுவதே முறை. ரசீதில் என்ன எழுதியிருக்கிறது?

நார்த்டேல் ஆசிரியை

ஐயா, ரசீதில் "டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப்" என்று மூன்றுக்கும் பணம் வாங்கியிருக்கிறார்கள். பெல்ட்டின் ஒரு ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது. பம்ப்பைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஏதோ காய்ந்து படிந்திருக்கிறது.

சாட்ஸ்வொர்த் பழைய ஸ்பானர்

அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். பம்ப் கசிந்திருக்கிறது. அதைக் கழற்றி, பிளாஸ்டிக் பாகத்தில் கடிகார முகம்போல ஒரு சிறு வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அம்புக்குறி மாதத்தைக் காட்டும், நடுவில் இருக்கும் எண் ஆண்டு. கழற்றுவதற்கு முன்பே, காரில் இருக்கும் நிலையில் படம் எடுத்துவிடுங்கள்.

ஃபீனிக்ஸ் கணக்கர்

இடையில் ஒரு வார்த்தை. எனக்கு எஞ்சின் தெரியாது, காகிதம் தெரியும். மூன்று மாத உத்தரவாதம் என்பது 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. பழுதுபார்க்கும்போது போட்ட பாகங்களுக்கும் அவற்றைப் பூட்டிய வேலைக்குமான குறைந்தபட்சம் அது. சேவையின் தரம் 54ஆம் பிரிவு. அங்கே மூன்று மாதம் என்ற கணக்கு இல்லை. 67ஆம் பிரிவின்படி, நீங்கள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், கழற்றிய பழைய பாகங்களை அவர்கள் உங்களிடம் திருப்பித் தந்திருக்க வேண்டும். தந்தார்களா? இந்த மூன்றையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். தொலைபேசியில் பேச வேண்டாம். சரியான பதில் வராவிட்டால் மோட்டார் துறைக் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். ஆனால் முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு எழுதிய சான்று கையில் இருக்க வேண்டும்.

நார்த்டேல் ஆசிரியை

இன்று வேறு மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். பம்ப்பில் இருக்கும் ஆண்டு 12. அதாவது காரோடு வந்த பம்ப்! பழைய பாகம் எதையும் அவர்கள் எனக்குத் தரவில்லை. கேமராவில் பார்த்ததில் இரண்டு பிஸ்டன்களில் லேசான தழும்பு, உடைசல் எதுவும் இல்லை. காற்றுச் சோதனையில் எண்ணெய் மூடிப் பக்கம் சத்தமே வரவில்லை. ஹெட்டைக் கழற்றியபின் எட்டு வால்வுகள் வளைந்திருந்தன. மின்னஞ்சல் போன மறுநாளே ஒர்க்‌ஷாப் உரிமையாளர் அழைத்து, நல்லெண்ணத்தோடு வால்வுகளின் விலையை மட்டும் தருவதாகச் சொல்கிறார்.

ஃபீனிக்ஸ் கணக்கர்

நல்லெண்ணமா! போடாத பம்ப்புக்குப் பணம் வாங்கியவருக்கு அந்தச் சொல் எளிதாக வருகிறது. எழுத்தில் கேளுங்கள். "இத்தோடு எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஹெட் வேலை, கேஸ்கட், கூலி, இழுவைக் கட்டணம் எல்லாமே இழப்புதான்.

சாட்ஸ்வொர்த் பழைய ஸ்பானர்

பணத்தைக் கணக்கர் பார்த்துக்கொள்வார். ஹெட் பட்டறைக்குப் போகும்போது வளைந்த எட்டை மட்டும் மாற்றினால் போதும் என்று விடாதீர்கள். எல்லாக் கைடுகளையும் அளக்கச் சொல்லுங்கள், அழுத்தச் சோதனையும் வேண்டும். ஹெட் போல்ட் புதியது போட வேண்டும், பழையது ஒருமுறை நீண்டுவிட்டால் மறுபடி சரியாகப் பிடிக்காது. புது பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றின் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள். பூட்டியபின் கிராங்க்கை ஸ்பானரால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகள் சேருகின்றனவா என்று பார்த்த பிறகே சாவி. எண்ணெயும் ஃபில்டரும் அன்றே புதியது, 1,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை.

டோங்காட் தம்பி, உங்கள் பக்கியில் போட்ட எஞ்சினின் பெல்ட்டை மாற்றினீர்களா?

டோங்காட் பக்கி

இல்லை அண்ணா. சனிக்கிழமை சாட்ஸ்வொர்த் வந்தால் பார்ப்பீர்களா?