புதுப்பிப்பு: ஒழுகிய கூரை, குத்தகையாளரிடமிருந்து பணம் திரும்ப வந்தது

சுங்கை சிப்புட்டில் சமையலறை நீட்டிப்புக்கு 9,200 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தும் ஜிங்க் கூரை ஒழுகுது, வேலை செய்த குத்தகையாளர் (காண்ட்ராக்டர்) போனை எடுக்கலை, வக்கீல் வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. 6,400 வெள்ளி கைக்கு வந்தாச்சு.

பலித்தது பயனீட்டாளர் நடுவர் மன்ற (பொருளோ சேவையோ வாங்கியவர்களின் புகாரை விசாரிக்கும் மன்றம்) யோசனைதான். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கை 5,000 வரைதான். நடுவர் மன்றத்தில் 50,000 வரை கேட்கலாம். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, பிரச்சினை எழுந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும். பாரம் 1-ஐ (கோரிக்கைப் படிவம்) பதிந்தபின் எதிர்த்தரப்புக்கு நாமேதான் சேர்க்கணும், கையிலோ பதிவுத் தபாலிலோ. ரசீதில் வெறும் கடைப் பெயர் இருந்தால் முதலில் எஸ்எஸ்எம்மில் (நிறுவனங்களைப் பதியும் அரசு ஆணையம்) தேடிப் பதிவு எண்ணையும் முகவரியையும் எடுங்கள்.

படங்களைவிட எடுபட்டது வேறொரு கூரைக்காரரின் கொட்டேஷன். ஸ்க்ரூவைத் தகரத்தின் மேட்டில் அடிக்காமல் தண்ணி ஓடும் பள்ளத்தில் அடித்திருக்கிறார்கள், ரப்பர் வாஷரும் இல்லை என்று எழுதி, பழுதுச் செலவையும் போட்டுக் கொடுத்தார். கிடைத்த தொகை அதுதான்.

எதிர்பாராதது: மன்றத்தில் முதலில் சமரசம் பேசச் சொன்னார்கள். ஒத்துப்போனால் அதையே தீர்ப்பாகப் பதிகிறார்கள். 14 நாளில் கட்டாவிட்டால் குற்றம். அதைக் கேட்டதும்தான் ஆள் இறங்கி வந்தார். வெளியே வராந்தாவில் பேசி முடிக்கலாம் என்றால் சம்மதிக்காதீர்கள், அது தீர்ப்பாகப் பதிவாகாது.