வாடகைக்கு விட ஃபிளாட் வாங்க 95 ஆயிரம் சம்பளம் போதுமா?

மேடவாக்கம்காரன்
வயது 34, ஐடி வேலை, பிடித்தம் போக கைக்கு வருவது 95,000. மேடவாக்கத்தில் பழைய டூ பெட்ரூம் ஃபிளாட் ஒன்று 60 லட்சத்துக்கு வருகிறது, 18,000 வாடகைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். நான் இருப்பது அப்பா வீட்டில், அதனால் இது முழுக்க வாடகைக்குத்தான். சேமிப்பு 18 லட்சம், கார் லோன் 11,000 ஓடுகிறது. நடுவில் வேறு கம்பெனியில் 25 சதவீதம் அதிகமாகத் தர ஆஃபர் வந்திருக்கிறது. மாறிவிட்டு லோன் போடுவதா, போட்டுவிட்டு மாறுவதா? வாடகையையும் வருமானமாக எடுத்துக்கொள்வார்களா?

ஓய்வுபெற்ற மேனேஜர்
தம்பி, 60 லட்சத்துக்கு 80 சதவீதம், அதாவது 48 லட்சம் வரைதான் ரிசர்வ் வங்கி விதி. உங்கள் சம்பளத்துக்கு அதுவே கிடைக்காது. எல்லா இஎம்ஐயும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் 47,500, அதில் கார் லோன் போக மிச்சம் 36,500. எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் லட்சத்துக்கு 868 ரூபாய் வரும், ஆக 42 லட்சம்தான். காரை முதலில் அடைத்துவிட்டால் 48 கிடைக்கும், ஆனால் அடைக்கிற பணமும் அதே 18 லட்சத்திலிருந்துதானே போக வேண்டும்! பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத்தாள் 7, பதிவு 2 என்று 9 சதவீதம் வேறு, அதற்கு லோன் கிடையாது.
வாடகையைச் சில வங்கிகள் ஓரளவு எடுத்துக்கொள்ளும், ஆனால் பதிவு செய்த ஒப்பந்தமும் பணம் அக்கவுண்ட்டில் வந்த தடயமும் வேண்டும். வேலை மாறுவதாக இருந்தால் மாறிவிட்டு, சம்பளச் சீட்டு மூன்று வந்த பிறகு போங்கள், புரொபேஷன் முடிந்திருந்தால் இன்னும் நல்லது. லோன் சாங்ஷன் ஆகி பணம் கைக்கு வராத இடைவெளியில் மட்டும் மாறிவிடாதீர்கள், பணம் விடும் முன் ஆபீஸுக்கு ஃபோன் போட்டு விசாரிப்பது உண்டு.

அம்பத்தூர் லேத்
சார் சொல்வது சம்பளக்காரர்களுக்கு. எங்களைப் போல பட்டறை வைத்திருப்பவன் கதை வேறு. வருஷா வருஷம் வரி மிச்சம் என்று ரிட்டர்னில் லாபத்தை ஆறு லட்சமாகக் காட்டிவிட்டு லோனுக்குப் போய் நின்றால், அந்த ஆறு லட்சத்துக்கு என்ன கிடைக்குமோ அதுதான். டர்ன்ஓவரைப் பார்த்து யாரும் மயங்குவதில்லை. இரண்டு மூன்று வருஷ ரிட்டர்ன் கேட்பார்கள், அதனால் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதிருந்தே உள்ளதை உள்ளபடி காட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை
எல்லோரும் லோன் கிடைக்குமா என்றே பேசுகிறீர்களே! 48 லட்சத்துக்கு இஎம்ஐ 41,650, வாடகை 18,000. மாதம் 23,650 அவர் சம்பளத்திலிருந்துதான் போகிறது. வீட்டுவரி, பெயின்ட், ஆள் மாறும்போது பூட்டிக் கிடக்கிற ஒரு மாதம் எல்லாம் இதற்கு மேல். வருமான வரிக் கணக்கில், வருஷ வாடகையில் 30 சதவீதக் கழிவு போக முதல் வருஷ வட்டி நாலு லட்சத்தைக் கழித்தால் இரண்டரை லட்சம் நஷ்டம் வரும், பழைய வரி முறையில் இரண்டு லட்சத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம், மிச்சத்தை அடுத்த வருஷங்களுக்குக் கொண்டுபோகலாம். புதிய முறையில் சம்பளத்தில் ஒரு பைசா கழிக்க முடியாது. வாடகைக்கு வரி வராது, அவ்வளவுதான். நீங்கள் எந்த முறை?

மேடவாக்கம்காரன்
புதிய முறைதான் சார். மனைவியும் வேலை பார்க்கிறார், 40,000. அவரைச் சேர்த்தால்?

கணக்குப்பிள்ளை
லோன் தொகை தாராளமாகக் கூடும். ஆனால் அவரும் ஐடி வேலையா, அதுவும் உங்கள் கம்பெனியா? லே-ஆஃப் வந்தால் இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நிற்கும்.

மேடவாக்கம்காரன்
இல்லை, தனியார் ஸ்கூல் டீச்சர்.

ஓய்வுபெற்ற மேனேஜர்
அப்படியென்றால் சேருங்கள், பத்திரத்திலும் அவர் பெயர் வரட்டும். ஆறு மாத இஎம்ஐயைத் தொடாமல் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் முன்பணமும் பதிவுச் செலவும் முடிகிறதா என்று பாருங்கள். 18 லட்சத்தில் முடியாது என்றே நினைக்கிறேன், 50 லட்சத்துக்குள் ஏதாவது வந்தால் சொல்லச் சொல்லி புரோக்கரிடம் கேளுங்கள்.