சீலிங் ஓரம் ஒழுகுது, எந்த பெயிண்ட் அடிக்கணும்? அவசரம்

தாம்பரம்_வீடு:
வணக்கம். நேத்து ராத்திரி மழைக்கு பெட்ரூம் சீலிங் ஓரமா ஈரம் படர்ந்து பூச்சு ஊதி நிக்குது. பெயிண்டர் சனிக்கிழமை வர்றார். உள்ள அடிக்கிற வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்ல எது நல்லது? ஐப்பசி மழைக்கு முன்ன முடிச்சாகணும். சீக்கிரம் சொல்லுங்க.

மேஸ்திரி_கடலூர்:
மேல மொட்டை மாடியா, இன்னொரு வீடா? ஓரம்னா வெளிச்சுவர் பக்கமா, நடுச்சுவர் பக்கமா? தட்டோடு பதிச்ச தளமா, வெறும் கான்கிரீட்டா? மழைத்தண்ணி பைப் எந்த மூலைல இறங்குது? மழை இல்லாத நாள்லயும் ஈரம் இருக்கா? இருந்தா மேல் தொட்டி பைப்பை முதல்ல பாக்கணும். இது தெரியாம பெயிண்ட் பேர் சொல்லி என்ன பண்றது.

குழாய்_வேலை:
கேக்கவே வேணாம், மாடில மழைத்தண்ணி இறங்கற பைப் வாய்தான். பத்துல ஏழு வீட்டுல இதே கதை. இலை, பிளாஸ்டிக் கவர், பறவை கொண்டு வந்த குச்சி எல்லாம் வாய்ல சேந்து அடைச்சுக்கும். 1000 சதுர அடி மாடில 10 செ.மீ. மழை பெஞ்சா 9,300 லிட்டர் தண்ணி. அது போக வழி இல்லைன்னா தேங்கி நின்னு, பைப் கழுத்துக்கும் தளத்துக்கும் நடுவுல இருக்கற இடுக்கைத் தேடி இறங்கும். பிவிசி வெயிலுக்கு விரிஞ்சு சுருங்குது, சிமெண்ட் அந்த அளவுக்கு அசையாது. அதனால அந்த மூட்டு எப்படியும் விட்டுக்கொடுக்கும்.

தளம்_பார்வை:
இதே கேள்வி ஒவ்வொரு புரட்டாசியிலும் இங்கே வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்திருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். தண்ணீர் வருவது மேலிருந்து. உள்ளே அடிக்கும் பெயிண்ட் அதற்கு மூடிபோடுமே தவிர நிறுத்தாது. மூடிய ஈரம் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கீழ்க் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. இந்த அடிப்படை தெரியாமல் பெயிண்டரை வரச்சொல்வது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

மின்_வேலை:
ஈரம் ஃபேன் கொக்கிப் பக்கமோ லைட் பாயிண்ட் பக்கமோ வந்திருக்கா? சீலிங்குக்குள்ள போற மின்குழாய் வழியா தண்ணி நடந்து வேற இடத்துல சொட்டும். அந்த ரூம் எம்சிபியை (மெயின் பலகைல இருக்கற தானா விழற சுவிட்ச்) இறக்கி வைங்க. ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா கரண்டை வெட்டற சுவிட்ச்) இருந்தா டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்க, விழணும். விழலைன்னா மழைக்கு முன்ன மாத்துங்க.

தாம்பரம்_வீடு:
மேல மொட்டை மாடிதான். ஓடு போட்டிருக்கு. கட்டின வீடா வாங்கினோம், மத்தது தெரியல. ஃபேன் பக்கம் இல்ல. எந்த பெயிண்ட்னு யாரும் சொல்லலையே?

சிவில்_டிப்ளமோ:
வெளிச்சுவர் ஓரம்னா என் சந்தேகம் கைப்பிடிச் சுவர் அடிப்பகுதி. செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வெயில்ல வேற வேற அளவுக்கு நீளும். ரெண்டும் சேர்ற கோட்டுல மயிரிழை விரிசல் விடும். தண்ணி உள்ள போக அது போதும். விரிசலைச் சுரண்டி 1 செ.மீ. அகலம், 1 செ.மீ. ஆழம் திறந்து, தூசி தட்டி, பாலிமர் கலந்த கலவையால அடைக்கணும். அப்புறம் தளமும் சுவரும் சேர்ற மூலை நெடுக 1:3 சிமெண்ட் மணல் கலவைல 2 அங்குலத்துக்கு 2 அங்குலம் சாய்வா இழுக்கணும். 50 கிலோ மூட்டைக்கு வாட்டர்ப்ரூஃப் திரவம் பெரும்பாலும் 200 மி.லி. டப்பால போட்ட அளவைப் படிச்சுக்குங்க. 7 நாள் தண்ணி காட்டணும், இல்லைன்னா அந்த மூலையே புதுசா வெடிக்கும்.

சுண்ணாம்பு_தளம்:
ஒட்டுப்போட்டு எத்தனை வருஷம் ஓட்டுவீங்க? பதிச்ச ஓடுகளை எல்லாம் பேத்து எடுத்துட்டு செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் புதுசா போடுங்க. 32 கன அடி ஜல்லிக்கு 12.5 கன அடி நீத்த சுண்ணாம்பு, மணல் கிடையாது. சராசரி 3 அங்குலம். கடுக்காய், வெல்லத் தண்ணி தெளிச்சு, கட்டை துள்ளுற வரைக்கும் அடிக்கணும். மேல தட்டோடு. வெயிலையும் தாங்கும், வீடும் குளிரும். டப்பா கெமிக்கல் எதுவும் இதுக்கு ஈடு வராது.

சிவில்_டிப்ளமோ:
சுண்ணாம்புத் தளம் நல்லதுதான், மறுக்கல. ஆனா 3 அங்குலத் தளம் 100 சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல எடை. பழசைப் பேக்காம மேலயே போட்டா அந்த எடை தளத்து மேல கூடும். பேத்துட்டுப் போடறதுன்னா ரெண்டு வாரத்துக்குத் தளம் திறந்து கிடக்கும். இப்ப போய் அதை ஆரம்பிக்கலாமா? அது மாசி, பங்குனி வேலை.

சுண்ணாம்பு_தளம்:
கெமிக்கல் அடிச்சா மூணு வருஷத்துல தோல் உரியுது. திரும்ப அடி, திரும்ப உரியும்.

சிவில்_டிப்ளமோ:
உரியறதுக்குக் காரணம் இருக்கு. வெள்ளையா அடிக்கிற அக்ரிலிக் பூச்சு வெயிலைத் தாங்கும், தேங்கின தண்ணியைத் தாங்காது. வாட்டம் இல்லாத தளத்துல அடிச்சா கொப்பளம் விடும். ரெண்டு பாகம் (பவுடரும் திரவமும்) கலக்கற சிமெண்ட் பூச்சை லேசான ஈரத்து மேலயும் அடிக்கலாம், ஆனா வெயில் படாம மேல மூடணும். இடம் பாக்காம அடிச்சுட்டு கெமிக்கலைக் குத்தம் சொல்லக்கூடாது.

தளம்_பார்வை:
வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் என்று விற்கும் வெள்ளை பெயிண்ட் எல்லாமே தண்ணீரைத் தடுப்பவை அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் இரண்டையும் குழப்புகிறார்கள்.

மேஸ்திரி_கடலூர்:
சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். தாம்பரம் சார், சனிக்கிழமை பெயிண்டரை நிறுத்துங்க. இதைப் பண்ணுங்க.

சீலிங்ல ஈரத்தோட விளிம்பைப் பென்சில்ல கோடு போட்டு, பக்கத்துல தேதி நேரம் எழுதுங்க. மாடிக்குப் போய்ப் பைப் வாயைச் சுத்தம் பண்ணுங்க. வாய்ல துணி சுத்தின கட்டையை இறுக்கி வச்சு, சுத்தி மூணடிக்குக் களிமண் வரப்பு கட்டி 2 அங்குலம் தண்ணி நிறுத்துங்க. மட்டத்தை சாக்பீஸால குறிச்சு வைங்க. கீழ ஒரு ஆள் கோட்டைப் பாத்துக்கிட்டே இருக்கணும். ஒரு நாள் முழுக்க ஈரம் கோட்டைத் தாண்டலைன்னா பைப் கழுத்து இல்ல. வரப்பை கைப்பிடிச் சுவர் ஓரமா மாத்துங்க. அதுலயும் இல்லைன்னா ஓடு இடுக்கு. ஒரே நேரத்துல மாடி முழுக்கத் தண்ணி நிறுத்தினா எங்க இறங்குதுன்னு கண்டுபிடிக்க முடியாது.

அதுக்கு முன்ன ஊதின பூச்சைக் கட்டையால தட்டிப் பாருங்க. பொள்ளுன்னு சத்தம் வந்தா கட்டிலை நகர்த்திட்டு அதைத் தட்டி எடுத்துருங்க. கம்பி வெளிய தெரிஞ்சா தண்ணி நிறுத்தாதீங்க, இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

குழாய்_வேலை:
வாய்ல அரசங்கன்னு முளைச்சிருந்தா சும்மா பிடுங்காதீங்க. தண்டு கையோட வரும், வேர் இடுக்குல நின்னு திரும்பத் தளிர்க்கும். பைப் மூட்டுக் கலவையை உடைச்சு வேரோட எடுக்கணும்.

*(நான்கு நாள் கழித்து)*

தாம்பரம்_வீடு:
பைப் வாய்ல பிளாஸ்டிக் கவர், ஒரு சாண் அரசங்கன்னு. தண்ணி நிறுத்தி 20 நிமிஷத்துல கோட்டைத் தாண்டிருச்சு. கைப்பிடிச் சுவர் ஓரம் ஒண்ணும் வரல. கம்பி தெரியல. இப்ப என்ன பண்ணணும்? ஆள் நாளைக்குத்தான் ஃப்ரீ.

மேஸ்திரி_கடலூர்:
நல்லது, சின்ன வேலைதான். வாயைச் சுத்தி ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஓடுகளை எடுக்கச் சொல்லுங்க. கழுத்தைச் சுத்தின பழைய கலவையை முழுசா கொத்தி, வேரையும் எடுக்கணும். பிவிசி மேல சிமெண்ட் சரியா ஒட்டாது, அதனால கழுத்தை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கணும். இடுக்கை சுருங்காத கிரௌட்டால (இடுக்கு நிரப்பற சிமெண்ட் கலவை) கெட்டியா அடைச்சு, காஞ்சதும் ரெண்டு பாகப் பூச்சு ரெண்டு கை (கோட்) அடிக்கணும். முதல் கை ஈரமா இருக்கும்போதே ஃபைபர் வலையைப் பதிச்சு, வலையோட ஓரத்தைப் பைப் வாய்க்குள்ள மடக்கி விடணும். அப்புறம் ஓடுகளைத் திரும்பப் பதிக்கும்போது நாலு பக்கமும் வாயை நோக்கி வாட்டம் இருக்கணும். ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா கடைசிச் சொட்டு வரைக்கும் ஓடணும்.

நடுவுல மழை வந்தா ஈரத்துல பூசாதீங்க. தார்ப்பாயைக் கைப்பிடிச் சுவர் மேலேர்ந்து இழுத்துக் கட்டி மணல் மூட்டை வைங்க. சீலிங்குக்கு பட்டி, பெயிண்ட் எல்லாம் தை மாசம். அதுக்கு முன்ன ஒரு அடிச் சதுர பாலிதீனை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருந்தா இன்னும் காயலைன்னு அர்த்தம்.

சிவில்_டிப்ளமோ:
கூடவே கைப்பிடிச் சுவர்ல, தளத்துலேர்ந்து 4 அங்குலம் மேல ஒரு ஓட்டை போட்டு 2 அங்குல பைப் துண்டு வெளிய நீட்டி விடுங்க. வாய் அடைச்சாலும் அது வழியா தண்ணி போகும்.

தாம்பரம்_வீடு:
முடிஞ்சது. நேத்து மழைக்கு ஈரம் கோட்டைத் தாண்டல. நன்றி எல்லாருக்கும்.

குழாய்_வேலை:
வாய்க்கு மேல கூம்பு ஜாலி மூடி போட்டீங்களா? தட்டை ஜாலி போட்டா ரெண்டு இலை விழுந்தாலே மூடிக்கும். கூம்பா இருந்தா அடில இலை சேந்தாலும் மேல் பக்கத்து ஓட்டை வழியா தண்ணி இறங்கும். மழை மாசத்துல வாரம் ஒரு தடவை மாடி ஏறிப் பாத்துருங்க.