கொசுறாகக் கிடைத்த கருப்பு வெல்லம்: ஒகினாவாவில் எங்கே, என்ன வாங்கினோம்

நடைப்பயணி

சென்ற பிப்ரவரியில் என் மாமியாரை அழைத்துக்கொண்டு ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவா தீவுகளுக்குப் போயிருந்தோம். அத்தைக்கு எழுபது வயது கடந்துவிட்டது. வெளிநாடு என்று அவர் கால் வைத்தது அதுவே முதல் முறை. விமான நிலையத்திலிருந்து மோனோரயிலில் நாஹா நகருக்குள் வந்து, பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு, எல்லோரையும் போல நாங்களும் நேராகக் கொக்குசாய் தோரிக்குத்தான் போனோம். ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள கடைத்தெரு. இரண்டாம் உலகப் போரில் நாஹா தரைமட்டமானது. அதன் பிறகு இந்தத் தெரு எழுந்த வேகத்தைக் கண்டு இதற்கு ‘அதிசய மைல்’ என்றே பெயர் வந்ததாம்.

முதல் நாள் மாலையே பையை நிரப்பிவிட்டேன். சாவிக்கொத்து, சட்டை, இனிப்புப் பெட்டி. இரவில் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிப் பார்த்தபோது எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒரே பொருளை ஐந்து கடைகளில் பார்த்திருந்தேன். எதை எந்தக் கடையில் வாங்கினேன் என்பதுகூட நினைவில் இல்லை.

மறுநாள் காலையில் அத்தை சொன்னார்: “இந்தப் பெரிய தெரு போதும். ஊர்க்காரர்கள் காய்கறி வாங்குகிற இடத்துக்குக் கூட்டிப்போ.” கொக்குசாய் தோரியிலிருந்து பக்கவாட்டில் பிரியும் ஹெய்வா தோரிக்குள் நுழைந்தோம். மேலே கூரை போட்ட நீண்ட சந்து. சில நிமிட நடையில் மக்கிஷி பொதுச் சந்தை வந்துவிட்டது. போருக்குப் பின் பசியோடு கூடிய மக்களின் கள்ளச்சந்தையிலிருந்து வளர்ந்த சந்தை அது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்டிய புதிய கட்டடம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. கீழ்த்தளத்தில் நீல நிறக் கிளிமீன்கள் பனிக்கட்டி மேல் வரிசையாகக் கிடக்கின்றன. பன்றியின் முகத்தை அப்படியே தட்டையாக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அத்தை அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார். கீழே மீன் வாங்கி, மாடியில் உள்ள உணவகத்தில் தனிக் கட்டணம் கொடுத்துச் சமைத்து வாங்கிச் சாப்பிடலாம். என் கணவர் சாப்பிட்டார்.

நான் சொல்ல வந்தது சந்தைக்கு வெளியே நடந்தது. சந்து முனையில் சிறிய முக்காலி போட்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். உலர்ந்த கடற்பாசி, மெல்லிய தீவு வெங்காயம், பொட்டலம் பொட்டலமாகக் கருப்பு வெல்லம். அத்தை வெல்லத்தில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்களை மூடினார். இரண்டு பொட்டலங்கள் எடுத்தோம். நான் பணத்தைக் கொடுத்தேன். அத்தை நகரவில்லை. கறிவேப்பிலைக்குக் கையை நீட்டுவது போல, பாட்டியின் முன் உள்ளங்கையைக் குழித்து நீட்டினார்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. “அத்தை, இது ஜப்பான், இங்கெல்லாம் கேட்கக் கூடாது” என்று அவர் முழங்கையைப் பிடித்தேன். பாட்டி அத்தையின் கையையே பார்த்தார். பிறகு உடல் குலுங்கச் சிரித்தார். கூடைக்கு அடியிலிருந்து ஒரு சிறிய பொட்டலத்தை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்து, “ஷீபுன்” என்றார். அத்தை, “கொசுறு” என்றார். பாட்டி அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். இரண்டு பேரும் தங்கள் சொல்லை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்த அடுத்த கடைப் பெண்தான் விளக்கினார்: வாங்கிய பொருளுக்கு மேல் கொஞ்சம் சேர்த்துப் போடுவதற்கு ஒகினாவா மொழியில் ஷீபுன் என்று பெயர். இந்தச் சந்துகளில் விலையைக் குறைப்பதைவிடக் கையைத் தாராளமாக்குவதுதான் வழக்கம்.

ஆகவே என் பரிந்துரை இதுதான். கொக்குசாய் தோரியைப் பாருங்கள்; ஞாயிறு மதியம் 12 முதல் 6 வரை வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், நடக்க அருமையாக இருக்கும். வாங்குவதைப் பின்சந்துகளில் வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையாக யென் எடுத்துப் போங்கள். பொதுச் சந்தைக்கு மாதத்தின் நான்காவது ஞாயிறு விடுமுறை, டிசம்பரைத் தவிர.

அந்தக் கொசுறுப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. அதன் மேல் மூன்று சித்திர எழுத்துகள் இருக்கின்றன. என்னவென்று எங்களுக்குத் தெரியவில்லை.


மண்வாசம்

அத்தையின் கையை நேரில் பார்த்தது போல இருந்தது, சகோதரி. அதே சந்துகளில் இன்னும் கொஞ்சம் உள்ளே நடந்திருந்தால் சுபோயாவுக்கு வந்திருப்பீர்கள். நான் மண்பாண்டங்களுக்காகவே ஒகினாவா போனவன். 1682இல், அன்று ஒகினாவாவை ஆண்ட ரியூக்யூ அரசு வெவ்வேறு இடங்களில் இருந்த சூளைகளை ஒன்றாகக் கூட்டி அமைத்த குயவர் குடியிருப்பு சுபோயா. சுண்ணாம்புக்கல் பாவிய தெருவில் இருபுறமும் பானைக் கடைகள். மட்பாண்டத்துக்கு அங்கே ‘யாச்சிமுன்’ என்று பெயர்.

விறகுச் சூளையின் புகை நகரத்துக்கு ஆகவில்லை. எனவே 1970களில் பல குயவர்கள் வடக்கே யோமித்தான் கிராமத்துக்குப் போய்விட்டார்கள். 1972இல் அங்கே குடிபெயர்ந்த கிஞ்ஜோ ஜிரோ, 1985இல் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்ற தகுதியைப் பெற்றார். ஒகினாவாவில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல் மனிதர். அவர் மீனையும் இறாலையும் களிமண்ணில் கீறுவார். அந்த மீன்கள் சிரிப்பது போலவே இருக்கும்.

சுபோயாவில் ஒரு முறை, யோமித்தானில் ஒரு முறை வாங்கினேன். யோமித்தானுக்குத்தான் என் வாக்கு. மரங்களுக்கு நடுவே, சரிவில் படிப்படியாக ஏறும் சூளை. அதன் மேல் சிவப்பு ஓட்டுக் கூரை. பட்டறையை ஒட்டியே கடை. நான் எடுத்த சோற்றுக் கிண்ணத்தின் உட்புறத்தில் வளையமாகப் பூச்சு இல்லாமல் இருந்தது. குறையுள்ள பொருள் என்று நினைத்துத் திரும்ப வைக்கப் போனேன். அங்கிருந்த இளைஞர் ஓடி வந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சுடுவதற்காக அந்த வளையத்தை விட்டுவைக்கிறோம் என்று இரண்டு கிண்ணங்களை அடுக்கிக் காட்டினார். அந்த வளையத்தை விரலால் தொட்டுப் பார்க்காமல் இன்றும் அதில் சோறு போட மாட்டேன்.

வாசலில் வைக்கும் ஷீசா சிங்கங்களை ஜோடியாக வாங்குங்கள். வாய் திறந்தது தீயதை விரட்டும், வாய் மூடியது நல்லதை வெளியே விடாமல் காக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் ஒன்றை மட்டும் வாங்கி வந்துவிட்டேன். அது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

கண்ணாடிக் குவளை பற்றி ஒரு வார்த்தை. போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவத் தளங்கள் எறிந்த கோலா, பீர் பாட்டில்களை உருக்கி ஊதியதில் பிறந்தவை இன்றைய ரியூக்யூ கண்ணாடிப் பொருட்கள். பழைய பாட்டிலில் அகலாமல் நின்ற குமிழியே அழகாகிவிட்டது. இப்போது வெளிநாட்டில் ஊதியவையும் அதே அலமாரியில் வருகின்றன. அடியில் ஒட்டிய சீட்டைப் பார்த்து வாங்குங்கள்.


தறிச்சத்தம்

துணி பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். நாங்கள் நாஹாவிலிருந்து இஷிகாக்கித் தீவுக்கும், அங்கிருந்து படகில் தக்கெத்தோமி தீவுக்கும் போனோம். அங்கே நெய்யும் ‘மின்சா’ என்ற பருத்தி இடைக்கச்சையில் ஐந்து கட்டங்களும் நான்கு கட்டங்களும் மாறி மாறி வரும். ஐந்து, நான்கு என்ற எண்களின் ஜப்பானிய ஒலிகளைச் சேர்த்து ‘எந்தக் காலத்துக்கும்’ என்று படிக்கிறார்கள். ஓரத்தில் பூரான் கால் போலக் கோடுகள். அடிக்கடி என்னைத் தேடி வா என்று பொருள். பெண் தான் விரும்பியவனுக்கு நெய்து கொடுப்பாளாம்.

கட்டங்களை எண்ணிக் காட்டிய தறிக்கார அம்மா என் கழுத்தைப் பார்த்தார். தாலிக்கொடி கண்ணில் பட்டிருக்க வேண்டும். அதைக் காட்டி, கச்சையைக் காட்டி, கண்களால் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். என் கையை எடுத்து, தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவின் மேல் வைத்தார். ஒரு கைப்பை வாங்கினேன். இஷிகாக்கி ஊரிலேயே அதைவிட மலிவாகக் கிடைத்திருக்கும்; எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வாழை நாரில் நெய்யும் ‘பாஷோஃபு’ பார்க்க ஆசைப்படுபவர்கள் முதன்மைத் தீவின் வடக்கே ஒகிமியில் உள்ள கிஜோக்காவுக்குப் போங்கள். போரால் அழியவிருந்த அந்த நெசவை மீட்டவர் தாய்ரா தோஷிக்கோ. 2022இல் தமது 101ஆம் வயதில் மறைந்தார். ஓர் ஆடைக்கான துணிக்கு ஏறக்குறைய 200 வாழைகள் வேண்டும் என்கிறார்கள். வாழையை வாசலில் கட்டியும் இலையில் உண்டும் வளர்ந்த நமக்கு, அந்தத் துணியின் மொடமொடப்பு விரலில் பட்டதும் ஏதோ செய்கிறது. விலை என் கைக்கு எட்டவில்லை. தொட்டுப் பார்க்க அனுமதித்தார்கள், அதுவே போதும் என்றிருந்தது.


மழைப்பயணி

நாங்கள் போனபோது புயல். மோனோரயில் நின்றது, சந்துக் கடைகள் கதவைச் சாத்தின. புயல் கடந்த மறுநாள் கித்தநாகாகுசுக்குவில் உள்ள ஏயோன் மால் ரைகமுக்குப் போய்ப் பொழுதைக் கழித்தோம். அமெரிக்க ராணுவத்தின் கோல்ஃப் மைதானமாக இருந்த இடத்தில் 2015இல் திறந்தது. உள்ளே நுழைந்ததும் பெரிய மீன்தொட்டி. குழந்தைகள் அதன் முன்னாலிருந்து அசையவில்லை. மற்றபடி எந்த நாட்டிலும் இருக்கும் மால்தான்.

வரி பற்றி: பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்குவோருக்குக் கடையிலேயே 10 சதவீத நுகர்வு வரியைக் கழிக்கும் வழக்கம் இருந்தது (உணவுக்கு 8). 2026 நவம்பர் 1 முதல் முழு விலையையும் கொடுத்துவிட்டு, நாட்டை விட்டுப் புறப்படும்போது திரும்பப் பெற வேண்டும். குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்கியிருக்க வேண்டும். சந்துப் பாட்டிகளிடம் இது எதுவும் கிடையாது.


அடுப்படி

சைவம் சாப்பிடுகிறவர்களுக்காக முதலில் ஒன்று. ஒகினாவாவின் புகழ்பெற்ற ‘சின்சுக்கோ’ பிஸ்கட்டை மரபாகப் பன்றிக் கொழுப்பில்தான் பிசைகிறார்கள். நான் அறியாமல் பெட்டி பெட்டியாக வாங்கி, வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்கவிருந்தேன். நல்ல வேளையாக, கடைக்காரப் பெண் என் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்துத் தயங்கி, “இந்தியாவா? இதில் பன்றி” என்று தாமாகவே சொல்லி நிறுத்தினார். விற்க வந்தவர் விற்பனையை விட்டுவிட்டு அதைச் சொன்னாரே, அந்தப் பெண்ணை நான் மறக்கவே மாட்டேன்.

இரண்டாவது, ஊதா நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பெனி இமோ. சந்தையில் பச்சைக் கிழங்கைப் பார்த்ததும் மூன்று கிலோ வாங்கினேன். டோக்கியோ வழியாகத் திரும்புவதாக இருந்தேன். விமான நிலையத்தில் மொத்தத்தையும் போட்டுவிட வேண்டியதாயிற்று. கிழங்கைத் துளைக்கும் வண்டுகள் பரவாமலிருக்க, ஒகினாவாவின் பச்சைச் சர்க்கரைவள்ளியை ஜப்பானின் பிற பகுதிகளுக்குக்கூடக் கொண்டுபோக அனுமதி இல்லை. வேகவைத்துச் செய்த இனிப்பு என்றால் தடை இல்லை. பச்சை மணி போலக் கொத்தாக இருக்கும் உமிபுடோ கடற்பாசியை வாங்கினால் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், சுருங்கிப்போகும்.

இனி நடைப்பயணியின் பொட்டலம். அம்மா, அது வெறும் வெல்லம் இல்லை. கரும்புச் சாற்றை மட்டுமே காய்ச்சும் ‘கொக்குதோ’ ஒகினாவாவின் எட்டுச் சிறு தீவுகளில் செய்யப்படுகிறது: இஹேயா, இயே, அகுனி, தாராமா, கொஹாமா, இரியோமொத்தே, ஹதெருமா, யோனகுனி. மண்ணுக்கு மண் ருசி மாறும். ஒன்றில் உப்புக் கரிப்பு தெரியும், ஒன்றில் மெல்லிய கசப்பு. வேறு சர்க்கரை கலந்து மறுபடி காய்ச்சியதும் விற்கிறார்கள். அது விலை குறைவு, வெறும் இனிப்பாக இருக்கும். பெரும்பாலும் தீவின் பெயரைப் பொட்டலத்தின் மேல் போடுவார்கள். நீங்கள் போனது பிப்ரவரி, கரும்பு வெட்டும் பருவம். புது வெல்லமாக இருக்கலாம்.

எனக்கு அந்த எழுத்துகள் கொஞ்சம் தெரியும். மூன்றாவது எழுத்து, இரட்டைக் கதவுக்குள் சிறு பெட்டி இருப்பது போலத் தெரிகிறதா? அப்படியானால் அது தாராமா, ஹதெருமா இரண்டில் ஒன்று. முதல் எழுத்தின் இடப்பக்கம் மூன்று துளிகள் தெறித்திருந்தால் ஹதெருமா. அந்த எழுத்துக்கு அலை என்று பொருள். ஜப்பானில் மக்கள் வாழும் தீவுகளில் அதுதான் தெற்குக் கோடி.


நடைப்பயணி

அடுப்படி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அத்தையைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொட்டலத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கதவு இருக்கிறது. முதல் எழுத்தில் துளிகளும் இருக்கின்றன. அத்தை விரலை வைத்து எண்ணினார்: மூன்று.