டேப்பட் பார்த்து மூடினதும் லைட் எரியுது, அவசர உதவி வேணும்

ராத்திரிரைடர்
வணக்கம். நேத்து வீட்டிலேயே பைக்கோட டேப்பட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் தள்ளுற பாகத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி) பார்த்து எல்லாம் மூடிட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆகுது, ஆனா மீட்டரில் வார்னிங் லைட் எரியுது. பேட்டரியைக் கழட்டி மாட்டினா போயிடுமா? நாளைக்குக் காலையில வண்டி வேணும்.

மல்டிமீட்டர்
எந்த லைட் நண்பரே? சிவப்பு ஆயில் கேன் படமா, மஞ்சள் என்ஜின் படமா? சிவப்புன்னா உடனே என்ஜினை நிறுத்துங்க. ஆயில் பிரஷர் இல்லாம கொஞ்ச நேரம் ஓடினாலே கேம் (வால்வைத் திறந்து மூடற தண்டு) உட்காருற இடத்தில் கீறல் விழலாம். மஞ்சள்னா பதற வேண்டாம். கார்பரேட்டரா, இன்ஜெக்ஷனா? லைட் சாவி போட்டதுமே எரியுதா, ஓடின பிறகா? எந்தெந்த கப்ளரை (ஒயர் கனெக்டர்) கழட்டினீங்க? பேட்டரியைத் தொடாதீங்க.

செயின்மாஸ்டர்
கேம் செயின் டைமிங் ஒரு பல் தள்ளிப் போயிருக்கும். டேப்பட் வேலைக்கு அப்புறம் பத்துக்கு எட்டு வண்டி இப்படித்தான் வரும். கவரைத் திறந்து கேம் குறியைப் பாருங்க.

பழையபிஸ்டன்
வண்டி மாடல் இல்லை, எந்த லைட் என்று இல்லை, என்ன கழட்டினார் என்று இல்லை. சர்வீஸ் மேனுவலை ஒரு முறை முழுதாகப் படிக்காமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது என்று எத்தனை இழையில் சொல்வது? முதலில் ஆயில் லெவல் பாருங்கள், தம்பி. பிறகு கேள்வி கேளுங்கள்.

ராத்திரிரைடர்
மன்னிக்கணும். மஞ்சள் லைட்தான். 250 சிசி, சிங்கிள் சிலிண்டர், தண்ணி கூலிங், இன்ஜெக்ஷன். சாவி போட்டா எரிஞ்சு அணையுது. ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி எரியுது.

ஸ்பேனர்10
ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யற சின்னத் தகடு) மாத்தினீங்களா, அளந்து பார்த்துட்டு மூடினீங்களா? ரெண்டும் வேற வேற வேலை. ஷிம் மாத்தியிருந்தா கேமை வெளியே எடுத்திருப்பீங்க. அப்ப செயின்மாஸ்டர் சொல்றதையும் பார்க்கணும்.

செயின்மாஸ்டர்
அதைத்தானே சொன்னேன்.

மல்டிமீட்டர்
ஒரு பல் தள்ளினா லைட்டை விட என்ஜின்தான் முதல்ல சொல்லும். ஸ்டார்ட்டிங் கஷ்டம், இழுவை இல்லை, சைலன்சரில் வெடிச்சத்தம். இந்த மாதிரி சிங்கிள் சிலிண்டர்ல பெரும்பாலும் கேம் சென்சாரே கிடையாது. க்ராங்க் (பிஸ்டனால சுத்துற தண்டு) சென்சாரையும் இன்டேக் பிரஷரையும் வெச்சுத்தான் இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) எந்த ஸ்ட்ரோக்னு கண்டுபிடிக்குது. அதனால பல் தள்ளினதை அது நேரா பார்க்கவே முடியாது. சந்தேகம் இருந்தா பிளக்கைக் கழட்டிட்டு, க்ராங்க்கை ஓடுற திசையில் கையால ரெண்டு முழுச் சுத்து சுத்தி டிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம்) குறியில் நிறுத்துங்க. கேம் ஸ்ப்ராக்கெட்டில் (கேம் முனையில் உள்ள பல்சக்கரம்) இருக்கற குறிக்கோடு சிலிண்டர் ஹெட்டின் விளிம்போட ஒட்டி நேரா நிக்கணும்.

லைட் *எப்ப* எரியுதுங்கறதுதான் இங்கே முக்கியம். டெம்பரேச்சர் சென்சார் கப்ளர் விட்டுப்போனா சாவி போட்டதுமே எரிஞ்சு அப்படியே நிக்கும். ஆக்சிஜன் சென்சார் (புகையில் உள்ள ஆக்சிஜனைப் பார்க்கறது) 300 டிகிரி பக்கம் சூடாகாம ஒழுங்கா சிக்னல் தராது. இசியு அது வரைக்கும் காத்திருந்துதான் குறை சொல்லும். ஒரு நிமிஷம்னு நீங்க சொல்றது அதோட ஒத்துப்போகுது. உங்க மேனுவல்ல ஃபால்ட் கோடு (பழுதைச் சொல்ற எண்) பார்க்கற முறை இருக்கும். பல வண்டியில் அதே லைட் மின்னிக் காட்டும்: நீளமா ஒரு மின்னல் 10, குட்டையா ஒண்ணு 1. எண்ணிச் சொல்லுங்க.

கியர்நாலு
ப்ரோ இவ்வளவு தேவையில்லை. பேட்டரி மைனஸ் 10 நிமிஷம் கழட்டி வெச்சா எல்லாம் ரீசெட்.

மல்டிமீட்டர்
பல இசியுவில் ஃபால்ட் கோடு நிரந்தர மெமரியில் இருக்கும், பேட்டரி போனாலும் அழியாது. அழியற வண்டியா இருந்தா இன்னும் மோசம். கையில இருந்த ஒரே தடயமும் போச்சு, பழுது அங்கேயேதான் இருக்கும்.

ஸ்பேனர்10
ஹெட் கவர் பேக்கிங்குக்கு சிலிக்கான் பேஸ்ட் போட்டீங்களா? புளிச்ச வினிகர் வாசனை வர்ற வகையா? அந்த ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துடும்.

கியர்நாலு
பேஸ்ட் போடாம கவர் லீக் ஆகும். சுத்தி முழுக்கப் போடணும்.

பழையபிஸ்டன்
தவறு. ரப்பர் பேக்கிங் காய்ந்தபடியே உட்கார வேண்டும். கேம் முனையில் உள்ள அரைவட்ட மூலைகளில் மட்டும் மெல்லிய பூச்சு, அதுவும் சென்சாருக்குப் பாதுகாப்பான வகை. சுற்றிலும் போட்டால் உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து ஆயில் ஸ்ட்ரெய்னரில் போய் அடைக்கும். பிறகு சிவப்பு லைட் எரியும்.

கியர்நாலு
மெல்லிசா போட்டா பிதுங்காது சார். போல்ட்டை நல்லா முறுக்கினா போதும்.

பழையபிஸ்டன்
அந்த 6 மிமீ போல்ட்டில் தோள் இருக்கிறது. ஓர் அளவுக்கு மேல் கவரை அழுத்தாது, அதற்குப் பிறகு முறுக்குவது எல்லாம் அலுமினியத்தில் உள்ள மரையைத்தான் பிடுங்கும். 10 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அவ்வளவுதான். கசிந்தால் ரப்பரை மாற்றுங்கள்.

ஸ்பேனர்10
இதுல பழையபிஸ்டன் சார் சொல்றது நூத்துக்கு நூறு. கவர் பஞ்சாயத்தை விட்டுட்டு லைட்டுக்கு வருவோம்.

ராத்திரிரைடர்
எண்ணினேன். நீளம் 2, குட்டை 1. மேனுவல்ல 21 ஆக்சிஜன் சென்சார்னு போட்டிருக்கு. எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு ஷிம் மாத்தினேன், கேம் எடுத்தேன். இடம் பத்தலைன்னு ரேடியேட்டரையும் பெண்ட் பைப்பையும் (என்ஜினில் இருந்து சைலன்சருக்குப் போற புகைக்குழாய்) கழட்டினேன். முக்கியம் இல்லைன்னு நினைச்சு சொல்லலை. பேஸ்ட் போடலை.

மல்டிமீட்டர்
பெண்ட் பைப் கழட்டினதுதான் மொத்த விஷயமும், ஆக்சிஜன் சென்சார் ஒயர் அந்தப் பக்கம்தான் போகும். ஆறின வண்டியில் இந்த வரிசையில் பாருங்க:

முதல்ல சென்சார் ஒயரைக் கப்ளர் வரைக்கும் கையால தடவிட்டே போங்க. க்ளிப்பில் மாட்டாம பெண்ட் மேல கிடந்தா உருகியிருக்கும். கப்ளரைக் கழட்டி டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க. ஒரு பின் மட்டும் மத்ததை விடக் குட்டையா தெரிஞ்சா அது பின்னால தள்ளிப்போயிருக்கு. 'க்ளிக்'னு சத்தம் வந்தாலும் தொடர்பு இருக்காது.

நாலு ஒயர் சென்சார்னா ஒரே நிறத்தில் இருக்கற ரெண்டு ஒயர் ஹீட்டர். ஓம்ஸில் அளந்தா சின்ன எண் வரணும். ஒண்ணும் காட்டலைன்னா ஹீட்டர் அறுந்துடுச்சு. சிக்னல் சூடானதும் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கிட்டே இருக்கணும். ஒயரைக் குத்தி ஓட்டை போடாம கப்ளர் பின்பக்கமா மீட்டர் முனையைச் செருகி அளங்க.

ஸ்பேனர்10
ஹெட்டுக்கும் பெண்டுக்கும் நடுவுல வர்ற வளைய பேக்கிங்கைப் புதுசா போட்டீங்களா? அது ஒரு தடவை நசுங்கினா முடிஞ்சது. பழசையே போட்டா அந்த இடுக்கு வழியா வெளிக்காத்து உள்ளே இழுக்கும். சென்சார் அதைப் பெட்ரோல் குறைவுன்னு நினைக்கும், இசியு தேவையில்லாம பெட்ரோலை ஏத்தும். மைலேஜும் போகும். ஆறின வண்டியை ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் வாயைத் தடித்த துணியால் பாதி மூடி, ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணி தெளிங்க. நுரை வந்தா லீக். நட்டை ஒரே பக்கமா இறுக்காம மாத்தி மாத்தி இறுக்கணும்.

செயின்மாஸ்டர்
கேம் எடுத்திருக்கார்னு இப்ப தெரியுது இல்ல. குறியைப் பார்க்காம விடாதீங்க. எனக்கு அதுதான் பயம்.

ராத்திரிரைடர்
பின் ஒண்ணு பின்னால தள்ளியிருந்தது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால தள்ளி உட்கார வெச்சேன். லைட் வரலை. ரொம்ப நன்றி அண்ணா, கிளம்பறேன்.

மல்டிமீட்டர்
கிளம்பறதுக்கு முன்னாடி: பின்னுக்குப் பின்னால சின்ன பூட்டு நாக்கு இருக்கும், அது பிடிச்சிருக்கான்னு ஒயரை மெல்ல இழுத்துப் பாருங்க. இல்லேன்னா பத்து கிலோமீட்டர்ல மறுபடி நழுவும். பழைய ஃபால்ட் கோடையும் மேனுவல் முறைப்படி அழிச்சுடுங்க.

பழையபிஸ்டன்
ரேடியேட்டரைக் கழற்றியவர் காற்றை வெளியேற்றினாரா? இல்லையென்றால் முதல் டிராஃபிக்கிலேயே டெம்பரேச்சர் லைட் எரியும். தம்பி, மூடியைத் திறந்து வைத்து ஐட்லிங்கில் ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை கூலன்ட் ஊற்றுங்கள். இதை ஆறின என்ஜினில் தொடங்க வேண்டும். சூடான பிறகு மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும்.

ஸ்பேனர்10
ராத்திரிரைடர், வளைய பேக்கிங் புதுசா பழசா? ஷிம் மாத்தின பிறகு எக்ஸாஸ்ட் கிளியரன்ஸ் எவ்வளவு வந்துச்சு?

செயின்மாஸ்டர்
கேம் குறியும்.