மயோஎலக்ட்ரிக் கை (தசைச் சிக்னலால் இயங்கும் செயற்கைக் கை) பயன்படுத்துபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம், காரைக்குடி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் என் சித்தப்பா மகனுக்கு விபத்தில் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணக் கலவை ஊற்றிய கை. இல்லாத விரலை மடக்கச் சொன்னால் முன்கைத் தசை துடிப்பது இன்னமும் தொட்டால் தெரிகிறது, அந்தச் சிக்னலைத் தோல்மேல் இருக்கும் எலக்ட்ரோடு பிடித்துத்தான் மயோஎலக்ட்ரிக் கை மூடித் திறக்கிறதாம். 2012-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் மூளைக்குள் எலக்ட்ரோடு வைத்து ரோபோ கையை நினைப்பாலேயே அசைத்தார்கள், அது பெரிய விஷயம்தான், ஆனால் எங்களுக்குத் தேவை வேலைக்கு ஆகும் கை. சிமெண்ட் தூசி, ஈரம், வியர்வையெல்லாம் தாங்குமா? ரிப்பேர் மதுரை, திருச்சியிலேயே முடியுமா? அப்புறம், சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருந்தால் முதலில் யாரைப் பார்க்க வேண்டும், என்னென்ன சான்றிதழ் கேட்பார்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.